செல்லத்துரையின் வேதக்கார மகன்

1

நோர்வேயின் இந்த ஊரில் மிஷன் ஊழியத்துக்காகக் கம்பளிக் காலுறை பின்னும் கிழவிகள் இருக்கிறார்கள். மாதத்தில் ஒரு சனிக்கிழமை யாராவது ஒருத்தி வீட்டில் கூடுவார்கள். கோப்பி, ஒரு பாட்டு, ஒரு ஜெபம், பிறகு பின்னல். காலுறைகளைச் சீட்டிழுப்பில் விற்று, வருவதைத் தூரதேசத்து ஊழியங்களுக்கு அனுப்புவார்கள். அவர்களுடைய தாய்மாரும் இதைத்தான் செய்தார்களாம்.

நான் வேலை செய்யும் மீன் தொழிற்சாலைக்கு எதிரே ஓஷில்ட் அம்மா குடியிருக்கிறார். கணவரைக் கடலுக்குப் பறிகொடுத்தவர். தொண்ணூற்றைந்து நவம்பர் முதற்கிழமை அவர்தான் என்னை அழைத்தார். "இத்தனை காலம் நாங்கள் அங்கே அனுப்புகிறோம். அங்கேயிருந்து ஒருவர் வந்து எங்களோடு கோப்பி குடித்ததில்லை. வந்து உன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லு" என்றார். வெள்ளைக்காரர் யாரும் என்னைப் பற்றிச் சொல்லச் சொன்னால் அகதி விசாரணை நடந்த அறைதான் நினைவுக்கு வரும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்து மறுக்க முடியவில்லை.

போனேன். பின்னல் ஊசிகளை மடியில் வைத்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்து நின்று, வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொன்னேன். என் பெயர் சிவநேசன். இலங்கையின் வடக்கே யாழ்ப்பாணத்தில் உரும்பிராய் என் ஊர். நான் கிறிஸ்தவன். சின்ன வயதில் மிஷன் ஊழியனாக வர விரும்பினேன்.

நோர்வேஜிய மொழியில் 'விரும்புகிறேன்' என்பது 'வில்'. 'விரும்பினேன்' என்பது 'வில்லே'. பதற்றத்தில் அந்தக் கடைசி எழுத்து என் வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது. 'மிஷன் ஊழியனாக வர விரும்புகிறேன்' என்று அவர்களுக்குக் கேட்டது. 'சின்ன வயதில்' என்றதை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. என் நோர்வேஜியன் அரைகுறைதான் என்று அவர்களுக்குத் தெரியும். கிழவிகள் கை தட்டினார்கள். ஓஷில்ட் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் வயதைக் கேட்டார். இருபத்தொன்பது என்றேன். "அப்படியென்றால் இன்னும் எவ்வளவோ காலம் இருக்கிறது" என்றார்.

சண்டைக்குப் பயந்து எங்கள் வலிகாமத்துச் சனம் முழுவதும் வீடு வாசலை விட்டுத் தென்மராட்சிப் பக்கம் போய்விட்டது என்ற செய்தியை வானொலியில் கேட்டதும் அதே கிழமைதான். அம்மா அந்தச் சனத்துக்குள் எங்கேயோ இருக்கிறா. ஐயாவின் திதி வந்ததும் அதே கிழமை. எல்லாம் ஒன்றாக வந்து விழுந்ததால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதை வாசிக்கப் போகிற நீங்கள் இப்போது எந்த ஊரில், யார் வீட்டு முற்றத்தில் இருந்து வாசிப்பீர்களோ தெரியாது.

2

ஐயாவின் பெயர் செல்லத்துரை. வெங்காயமும் புகையிலையும் வைக்கிற கமக்காரர். காலையில் முகம் கழுவி, நெற்றி நிறையத் திருநீறு பூசாமல் தேத்தண்ணி குடிக்கமாட்டார். எனக்குச் சிவநேசன் என்று பெயர் வைத்தவர் அவர். நான் ஒரே பிள்ளை.

எண்பத்து மூன்று ஆடியில் கொழும்பில் அடிபட்ட சனம் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியது. பள்ளிக்கூடங்களில் தங்கவைத்தார்கள். எங்கள் வகுப்புப் பெடியள் சாப்பாடு கொடுக்கப் போனோம். அங்கே ஒரு வயதானவர், தையற்கடை வைத்திருந்தவர், எரிந்த காலோடு மூலையில் கிடந்தார். புண்ணில் ஈ மொய்த்தது. ஒருவரும் கிட்டப் போகவில்லை. அப்போது வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மெல்லிய மனிதர் வந்து, நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்து, அந்தக் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக் கழுவினார். கழுவி முடித்து நகத்தையும் வெட்டிவிட்டார்.

"நீங்கள் ஆர் தம்பி?" என்று அந்த வயதானவர் கேட்டார்.

"இஞ்சை பக்கத்து ஊர்தான் அண்ணை" என்றார் கழுவியவர். வேறொன்றும் சொல்லவில்லை.

அவர் ஒரு சின்னச் சபையின் போதகர் என்று பிறகுதான் அறிந்தேன். சாமுவேல் போதகர். என்னை மதம் மாற்றிவிட்டார் என்று ஊரில் பேசினார்கள். உண்மையில் அவர் என்னை ஒன்றும் கேட்கவேயில்லை. முதலில் எனக்கு அந்த மனிதர் மேல்தான் விருப்பம் வந்தது. இவர் யாருக்காக இப்படிச் செய்கிறார் என்று தேடிக்கொண்டு போனதில், அவருடைய ஆண்டவர் மேலும் வந்தது. நான் அவர் பின்னால் சைக்கிளில் போகத் தொடங்கினேன்.

அடுத்த வருடம் மார்கழியில், மருதனார்மடத்துக்குக் கிட்ட ஒரு வீட்டுக் கிணற்றடித் தொட்டியில் ஞானஸ்நானம் எடுத்தேன். வேறு பெயர் வைப்போமா என்று போதகர் கேட்டார். வேண்டாம், இது ஐயா வைத்த பெயர் என்றேன். அவர் சிரித்து, "அப்ப அதுவே இருக்கட்டும்" என்றார்.

வீட்டில் நானே சொல்லவேண்டும் என்று சொற்களைத் தேடிக்கொண்டு திரிந்தேன். அதற்குள் ஐயா வெங்காயம் விற்க மருதனார்மடம் சந்தைக்குப் போனார். அங்கே ஒரு வியாபாரி எல்லாருக்கும் கேட்கச் சொல்லியிருக்கிறான்: "செல்லத்துரை அண்ணை, உங்கடை பெடியன் வேதத்துக்கு மாறிட்டானாமே?" எங்கள் பக்கத்தில் வேதம் என்றால் கிறிஸ்தவம்.

ஐயா வந்து கால் கழுவினார். துவாயால் துடைத்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஓமோ?" என்றார்.

"ஓம் ஐயா."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு கிட்டத்தட்ட மூன்று வருடம் ஐயா என்னோடு கதைக்கவில்லை.

3

அடிக்கவில்லை, வீட்டை விட்டுப் போ என்று சொல்லவில்லை. கதைக்கவில்லை. அவ்வளவுதான். சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்லுவார். நான் பக்கத்திலேயே நிற்பேன். "உவனைச் சாப்பிடச் சொல்லு." "உவனுக்குக் காய்ச்சல் காயுது, கொத்தமல்லி அவிச்சுக் குடு." ஒருநாள் மட்டும், "பேரையும் மாத்திப் போட்டானோ எண்டு கேள்" என்றார். "இல்லையெண்டு சொல்லுங்கோ அம்மா" என்றேன். ஐயா எழுந்து வெளியே போனார். அன்று பின்னேரம் வழக்கத்தைவிடக் கூடுதலாகச் சாப்பிட்டதாக அம்மா சொன்னா.

தோட்ட இறைப்பு நாட்களில் என் மண்வெட்டியைத் தன் மண்வெட்டிக்குப் பக்கத்தில் எடுத்து வைப்பார். அவர் நீர் இறைக்கும் இயந்திரத்தடியில் நிற்பார். நான் வாய்க்காலில் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறுவேன். முன்பு, "மோனை, நிரம்பிட்டுதோ?" என்று கத்துவார். இப்போது தகரத்தில் ஒரு தட்டு. நானும் மண்வெட்டிப் பிடியால் ஒரு தட்டு. வெங்காயம் எப்போதும் போலத்தான் விளைந்தது.

சனிக்கிழமைகளில் போதகரோடு பஸ் ஏறிப் பருத்தித்துறைக்குப் போவேன். கடற்தொழில் செய்யும் குடும்பங்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஆண்கள் தெரு ஒழுங்கைக்கு ஒருவர் என்றாகியிருந்த காலம். முதல் நாள் மீன்சந்தையில் போதகர் என்னை முன்னுக்குத் தள்ளி, "நீரே உம்மை அறிமுகப்படுத்தும்" என்றார்.

"என்ரை பேர் சிவநேசன். உரும்பிராய். நான் கிறிஸ்தவன். ஊழியத்துக்கு வர விருப்பம்" என்றேன்.

மீன் வெட்டிக்கொண்டிருந்த தங்கமக்கா கத்தியை நிறுத்தினா. "சிவன்ரை பேரை வைச்சுக்கொண்டு ஆரைப் பற்றி எங்களுக்குச் சொல்ல வந்தனீ?"

சந்தையே சிரித்தது. போதகரும் சிரித்தார். எனக்குக் காது சுட்டது.

தங்கமக்காவின் புருஷன் அந்த வருடம்தான் கடலில் காணாமற்போயிருந்தான். சிரித்து முடித்து அவ சொன்னா: "சரி தம்பி, சொல்லுறதைப் பிறகு சொல்லு. என்ரை சின்னவளுக்கு ராத்திரி முழுக்க வயித்தோட்டம். சந்தையை விட்டிட்டுப் போக ஏலாது. ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோறியோ?"

கொண்டுபோனேன். என் முதல் ஊழியம் அதுதான். வெள்ளைச் சட்டை முழுக்க அசிங்கமாகி, பஸ்ஸில் ஒருவரும் பக்கத்தில் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்து கிணற்றடியில் சட்டையைத் தோய்த்துக்கொண்டு நின்றபோது என்னையறியாமல் பாட்டு வந்தது. என் வாழ்க்கைக்கு இதுதான் என்று அன்றைக்கு முடிவு செய்தேன். பிறகு எத்தனையோ சனிக்கிழமைகள் போனேன். தங்கமக்கா கடைசிவரை சபைக்கு வரவில்லை. ஆனால் என்னைக் கண்டால் சின்ன மீன் நாலைத் தாளில் சுற்றித் தருவா.

போதகர் என்னை இந்தியாவில் ஒரு வேதாகமக் கல்லூரிக்கு அனுப்பச் சபையோடு கதைத்து ஒழுங்கு செய்தார். எண்பத்தெட்டு தொடக்கத்தில் போவதாக இருந்தது.

4

இங்கே என் மகள் கிருபாவுக்கு ஐந்து வயது. நான் வந்த அடுத்த வருடம் றஜனியைக் கட்டினேன். யாழ்ப்பாணப் பட்டணத்தில் பிறந்த கிறிஸ்தவப் பெண். கிருபா இங்கே பிறந்தவள். தமிழ் அவள் வாயில் விருந்தாளி போல வந்து போகிறது. சுவரில் இருக்கும் ஐயாவின் படத்தை 'பெஸ்தஃபார்' என்றுதான் சொல்லுவாள். அப்பப்பா என்று எத்தனை தரம் சொல்லிக் கொடுத்தும் அவள் வாயில் நிற்கவில்லை.

ஒருநாள் படத்தைப் பார்த்து, நெற்றியில் என்ன என்று கேட்டாள். திருநீறு என்றேன். விளங்கவில்லை. அவளுடைய மொழியில் எனக்குத் தெரிந்த சொல் சாம்பல் ஒன்றுதான். அதைச் சொன்னேன். அவள் அதைப் பாலர் பள்ளிக்குக் கொண்டுபோய்விட்டாள். பின்னேரம் கூட்டிவரப் போனபோது ஆசிரியை என்னை ஓரமாக அழைத்து, மிகவும் பரிவோடு, "உங்கள் அப்பாவின் வீட்டில் தீப்பிடித்ததா?" என்று கேட்டாள். இல்லை என்று விளங்கப்படுத்த முயன்று, மொழி போதாமல், கடைசியில் ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஐயாவின் திதிக்கு இங்கே நான் ஒன்றும் செய்வதில்லை. படையல் இல்லை, ஐயர் இல்லை. என் விசுவாசத்தில் அதற்கு இடமுமில்லை. அன்று முழுவதும் தொழிற்சாலையில் மீன் வெட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து மரக்கறிச் சோறு சாப்பிடுவேன். றஜனி கேட்காமலே அப்படிச் சமைத்து வைத்திருப்பாள். இந்த வருடம் கிருபா தட்டைத் தள்ளிவிட்டு, மீன் எங்கே என்று கேட்டாள். "இண்டைக்கு அப்பப்பாவின்ரை நாள்" என்றேன். "அவர் செத்துத்தானே போனார்" என்று நோர்வேஜியனில் சொல்லிவிட்டு, தொலைக்காட்சிக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். அவளில் பிழையில்லை. அவள் அவரைக் கண்டதில்லை.

5

எண்பத்தேழு ஐப்பசியில் இந்தியப் படைக்கும் போராளி இயக்கத்துக்கும் சண்டை தொடங்கியது. எங்கள் ஊருக்குள் பீரங்கிச் செல் விழுந்தது. தோட்டத்தில் வெங்காயம் நடுகிற பருவம். நட்டது பாதி, நடாதது பாதியாக விட்டுவிட்டு, அடுத்த ஊர்க் கோயில் மடத்துக்கு ஓடினோம். நூற்றுக்கணக்கில் சனம். காலை நீட்ட இடமில்லை. ஊரடங்கு. வெளியே தலை காட்ட முடியாது.

ஐயாவுக்கு மூச்சு முட்டு வருத்தம் இருந்தது. ஈரமும் புகையும் சனநெரிசலும் சேர்ந்து மூச்சை இழுத்துவிட்டன. மருந்துக் குளிசை முடிந்துவிட்டது. ஆசுப்பத்திரிப் பக்கம் போகவே முடியாது. முட்டுக்காரரால் படுக்க முடியாது. நிமிர்ந்து சாய்ந்து இருக்கவேண்டும். சாய்வதற்கு ஒரு சுவர்கூட வெறுமையாக இல்லை. நான் அவருக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். முதலில் என்னில் படாமல் நிமிர்ந்தே இருந்தார். பிறகு மெல்ல என் முதுகில் சாய்ந்தார். அவருடைய நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவது என் முதுகெலும்பில் தெரிந்தது.

அப்படி நாட்கணக்கில் இருந்தோம். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. என் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஒரு மத்தியானம், வெளியே மழை தூறிக்கொண்டிருந்தபோது, பின்னாலிருந்து குரல் வந்தது.

"அந்தத் தொட்டித் தண்ணி குளிரோ?"

எந்தத் தொட்டி என்று எனக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. நான் ஞானஸ்நானம் எடுத்த தொட்டி.

"ஓம் ஐயா. மார்கழிதானே."

"உனக்குச் சளி பிடிக்கிற உடம்பு." மூச்சு வாங்கினார். "தலை துவட்ட ஆரும் துவாய் குடுத்தவையோ?"

"பாஸ்டர் குடுத்தவர் ஐயா."

"ம்" என்றார். "நல்ல மனிசன் போலை."

அதற்குப் பிறகு என்னிடம் நேரே தண்ணீர் கேட்டார். "மோனை, கொஞ்சம் நிமிர்ந்து இரு, முதுகு வழுக்குது" என்றார். பக்கத்தில் இருந்த அம்மா சீலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதா. மூன்று வருடத்தில் அந்தச் சில நாட்கள்தான் எனக்குக் கிடைத்தன. ஒரு விடியற்காலை, முதுகில் அசைவு நின்றதை நான்தான் முதலில் உணர்ந்தேன். உடனே திரும்பவில்லை. திரும்பினால் அவர் சரிந்துவிடுவார் என்று அப்படியே இருந்தேன். அம்மா வந்து தோளைத் தொடும்வரை இருந்தேன்.

6

ஊரடங்கு தளர்த்துகிற நேரத்துக்குள் தகனம் செய்யவேண்டும். விறகு இல்லை. வேலிக் கதியால் தடிகளையும் ஒரு பழைய கதவையும் சேர்த்தார்கள். மடத்திலிருந்த பெரியவர் ஒருவர் கிரியை செய்ய வந்தார். யார் கொள்ளி வைப்பது என்ற கதை எழுந்தது. "பெடியன் வேதமெல்லோ, உவன் தொடலாமோ?" என்றார் ஒருவர். "ஒரே பிள்ளை, வேறை ஆர்?" என்றார் இன்னொருவர். எங்கள் சபையில் ஊழியத்துக்குப் போகிறவன் சைவக் கிரியை செய்யக்கூடாது. அது எனக்குத் தெரியும். கூட வந்திருந்த சிலருக்கும் தெரியும்.

ஐயாவின் தமையனுடைய மகன் மகேந்திரண்ணை என்னைக் கையைப் பிடித்து ஒரு பக்கமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

"சிவநேசன், நீ ஒண்டும் யோசியாதை. முந்தநாள் சித்தப்பா என்னட்டைச் சொன்னவர். நான்தான் கொள்ளி வைக்கவேணுமாம்."

"என்ன சொன்னவர்?"

"பெடியனைக் கேட்டு இடைஞ்சல் படுத்தாதை எண்டவர். அவன் ஒரு இடத்திலை வாக்குக் குடுத்திட்டான், என்னாலை அதை உடைக்க வேண்டாம், நீ வை எண்டவர்."

என்னோடு பேசாமலிருந்த மனிதர், சாகப்போகிற நேரத்தில், நான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றிவைத்துவிட்டுப் போயிருந்தார். தன் ஒரே மகன் கையால் போகவேண்டும் என்ற ஆசை இல்லாத சைவத் தகப்பன் உண்டா? அதை விட்டுத்தந்திருந்தார். ஒருவரும் என்னை வற்புறுத்தவில்லை. நான் பேசாமல் ஒதுங்கி நின்றிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். அதனால்தான் என்னால் ஒதுங்கி நிற்க முடியவில்லை.

"குடத்தை என்னட்டைத் தாங்கோ அண்ணை" என்றேன்.

"உனக்குப் பிறகு கரைச்சலடா."

"பரவாயில்லை. தாங்கோ."

தலை வழித்தார்கள். ஈர வேட்டி கட்டினார்கள். அந்தப் பெரியவர் என் நெற்றியில் திருநீறு பூசினார். குடத்தோடு சுற்றி வந்தபோது, வேலியோரம் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு சாமுவேல் போதகர் நிற்பதைக் கண்டேன். கைபிடியில் வெள்ளைத்துணி கட்டியிருந்தார். செய்தி கேட்டு, உயிரைப் பணயம் வைத்து அந்த வழியில் வந்திருக்கிறார். அவர் என் நெற்றியைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன். பிறகு திரும்பி நின்று கொள்ளி வைத்தேன். அந்தப் பெரியவர் தேவாரம் பாடினார். நான் மனதுக்குள் எனக்குத் தெரிந்த ஜெபத்தைச் சொன்னேன். என் ஐயாவைத் தவிர வேறொன்றும் அப்போது எனக்குத் தெரியவில்லை.

7

சண்டை ஓய்ந்து வீட்டுக்குத் திரும்பிய பிறகு போதகர் என்னை அழைத்தார். தேத்தண்ணி ஆறிக்கொண்டிருந்தது. நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நான் அங்கை நிண்டனான். எனக்கு உம்மிலை ஒரு கோவமும் இல்லை. எனக்கும் தகப்பன் இருந்தவர். ஆனால் உம்மை அனுப்புறது நான் தனிய இல்லை, சபை. ஞாயிற்றுக்கிழமை எழும்பி ஒரு வசனம் சொல்லும். துக்கத்திலை தெரியாமல் செய்துபோட்டன் எண்டு. அது காணும்."

"தெரியாமல் செய்யேல்லை பாஸ்டர்."

"தெரியும் எனக்கு. ஒரு வசனம்தானே கேக்கிறன்."

ஞாயிறு காலை போனேன். மொட்டைத் தலையில் மயிர் முளைக்கத் தொடங்கியிருந்தது. எழுந்து நின்றேன். "என்ரை பேர் சிவநேசன்" என்று தொடங்கினேன். எல்லாருக்கும் தெரிந்த பெயர்தான். "ஊழியத்துக்கு வர விருப்பம். என்ரை ஐயா..." அதற்கு மேல் வரவில்லை. அந்த ஒரு வசனத்தைச் சொன்னால், முதுகில் சாய்ந்திருந்த மனிதரை நான் தள்ளிவிடுவது போலிருந்தது. உட்கார்ந்துவிட்டேன். போதகர் அடுத்த பாட்டை அறிவித்தார். அவர் என்னை இந்தியாவுக்கு அனுப்பவில்லை. அனுப்பச் சொல்லி நானும் பிறகு கேட்கவில்லை. சபை செய்ததை அநியாயம் என்று சொல்லமாட்டேன். அவர்கள் நம்பியதைக் காத்தார்கள். எனக்கு வலித்தது. அது வேறு.

மற்றப் பக்கமும் அப்படித்தான். முப்பத்தோராம் நாள் கிரியைக்கு இருந்தபோது, பெரியம்மா முறையான ஒருத்தி, "சட்டைக்குள்ளை சிலுவை கிடக்கோ எண்டு பாருங்கோ" என்றா. சிலர் சிரித்தார்கள். அடுத்த நாள் அம்மா சோறு போட்டுவிட்டு முன்னால் உட்கார்ந்தா.

"தம்பி, உனக்கு இஞ்சை கோயிலும் இல்லை, சேர்ச்சும் இல்லாமல் போச்சுது. வெளியிலை வயசுப் பெடியளைப் பிடிக்கிறாங்கள். நீ எங்கையாவது போ. உயிரோடை இருந்தாக் காணும்."

"நீங்கள் தனிய..."

"எனக்குத் தோட்டம் இருக்கு. நீ போ."

எண்பத்தெட்டில் கொழும்பு வந்து, அங்கிருந்து இங்கே வந்தேன். அம்மா வாசலில் நின்றா. கையசைக்கவில்லை.

8

அகதி விசாரணையில், என்ன தொழில் செய்தாய் என்று கேட்டார்கள். "ஊழியம் செய்தேன்" என்றேன். மொழிபெயர்க்க வந்தவர் சபைத்தமிழ் அறியாதவர். 'ஊழியராக இருந்தார்' என்று எடுத்துக்கொண்டு, வேலைக்காரன் என்று சொல்லிவிட்டார். அதிகாரி எழுதிக்கொண்டே, "யாரிடம் வேலை? சம்பளம் எவ்வளவு?" என்று கேட்டார். நான், "சம்பளம் இல்லை" என்றேன். "சம்பளமில்லாமல் வேலை வாங்கியவர் யார்?" என்றார். கடவுள் என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் பைத்தியம் என்று நினைப்பார்களோ என்று பயம். "இப்போது அங்கே வேலை இல்லை" என்றேன். அதை மட்டும் சரியாக மொழிபெயர்த்தார்கள்.

ஓஷில்ட் அம்மா வீட்டுக்குப் போன கிழமை போய், என் பிழையைத் திருத்தினேன். 'வில் இல்லை, வில்லே' என்றேன். அவர் பின்னுவதை நிறுத்தினார்.

"யார் தடுத்தது?"

"ஒருவரும் தடுக்கவில்லை. என் அப்பா இறந்தார்."

என் நோர்வேஜியன் அவ்வளவுதான். அவர் தன் சொரசொரத்த கையை என் கைமேல் வைத்தார். சன்னலுக்கு வெளியே பின்னேரம் தொடங்க முன்னமே இருட்டியிருந்தது. இங்கே இந்த மாதத்தில் அப்படித்தான்.

அப்போதும் அம்மாவைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. தொலைபேசி அடிக்கும் இடத்திலெல்லாம் என் காது நின்றது. மழைக்குள் சனம் நடக்கும் படங்களைச் செய்தியில் காட்டினால், ஒவ்வொரு கிழவியின் நடையையும் பார்ப்பேன். கிருபா வந்து, "அந்த ஆட்கள் ஏன் பஸ்ஸில் போகவில்லை?" என்று கேட்டாள். றஜனி அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

9

முந்தநாள் மத்தியானம், வேலைக்குப் புறப்படும் நேரம், தொலைபேசி அடித்தது. கொழும்பு இரைச்சல்.

"சிவநேசனோ?"

வயதாகியிருந்தாலும் குரல் தெரிந்தது. "பாஸ்டர்?"

"ஓம் தம்பி. மருந்து எடுக்கக் கொழும்புக்கு வந்தனான். நாளைக்குத் திரும்பிப் போறன். உம்மடை அம்மா எங்களோடைதான் இருக்கிறா. சுகம். அதைச் சொல்லத்தான் எடுத்தனான். உம்மடை நம்பரைச் சீலைத் தலைப்பிலை முடிஞ்சு வைச்சிருந்தவ."

சப்பாத்து வைக்கும் தட்டில் உட்கார்ந்துவிட்டேன். அவர் சொல்லிக்கொண்டு போனார். தென்மராட்சியில் அவர்கள் சபைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சனத்தை வைத்திருக்கிறார்கள். அம்மா மழையில் நனைந்து, அயலட்டைச் சனத்தோடு நடந்து வந்து, அந்த வாசலில் நின்றிருக்கிறா. உள்ளே இடமே இல்லை.

"வாசல்லை எங்கடை பிள்ளை ஒருத்தி நிண்டவ. அம்மா நீங்கள் ஆர், எங்கடை சபையோ எண்டு கேட்டிருக்கிறா. உம்மடை அம்மா நெத்தியிலை திருநீறு. நான் சைவம் பிள்ளை எண்டு சொல்லியிருக்கிறா. பிறகு..."

இரைச்சல் வந்து குரலை விழுங்கியது.

"பிறகு என்ன பாஸ்டர்?"

"என்ரை மகன் உங்கடை ஊழியக்காரன் எண்டு சொன்னாவாம். வெளிநாட்டிலை ஊழியம் செய்யிறான், பேர் சிவநேசன், உங்கடை பாஸ்டரைக் கேட்டுப் பார் எண்டாவாம். அந்தப் பிள்ளைக்கு உம்மை எங்கை தெரியும்? அப்பிடி ஒரு பேரிலை எங்களுக்கு ஊழியக்காரர் இல்லையே எண்டு என்னட்டை ஓடிவந்து கேட்டவ. நான் போய்ப் பார்த்தன். அம்மா என்ரை முகத்தைப் பார்த்தபடி நிண்டவ. பிள்ளை கேட்டவ, பாஸ்டர், இவ சொல்லுறது உண்மையோ எண்டு."

தொலைபேசிக் கடைக்காரன் நேரம் முடிகிறது என்று சிங்களத்தில் சொல்வது கேட்டது.

"நான் ஓம் எண்டு சொன்னன், தம்பி. எங்கடை ஊழியக்காரன்தான், நான்தான் அனுப்பினனான் எண்டு எல்லாருக்கும் முன்னாலை சொன்னன்." பிறகு மிகவும் மெதுவாக, "பிழையோ?" என்றார்.

"இல்லை பாஸ்டர்" என்றேன்.